மீன் டப்பாவில் பிடித்த மொழி

பகலில் எங்கள் குடியிருப்பின் ஆன்டெனாக்கள்
தலைநகரைப் பார்த்து நிற்கும்,
கொடியேற்றத்துக்கு வந்த பிள்ளைகள் மாதிரி.
இருட்டியதும் ஒவ்வொன்றாகக்
கடல் பக்கம் கழுத்தைத் திருப்பும்.

துரெஸ் துறைமுகம். நான்காம் மாடி.
எனக்குப் பதின்மூன்று,
அண்ணன் பெட்ரிட்டுக்குப் பதினாறு.
காலி மீன் டப்பா ஒன்று,
செத்த ரேடியோவிலிருந்து பிடுங்கிய டிரான்சிஸ்டர் இரண்டு,
ஒரு துடைப்பக் கம்பு.
அவ்வளவுதான் அவன் தூண்டில்.
இத்தாலியே வந்து மாட்டியது.

ஜன்னலுக்குக் கம்பளி. விளக்கு கிடையாது.
அப்பா ஒலியைக் குறைத்துக்கொண்டே இருப்பார்,
கீழ்வீட்டு நெர்மின் குடியிருப்புக் குழுவில் இருக்கிறாள் என்று.
(அவள் ஜன்னலிலும் கம்பளி தொங்கியது
ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.)

திரையில் எந்நேரமும் பனி.
கோடைப் புழுக்கத்தில் மட்டும் முகங்கள் துலங்கும்.
செய்தியும் சினிமாவும் அப்பாவுக்கு.
எங்களுக்கு நடுவில் வரும் விளம்பரம் போதும்.

ஒருத்தி கோப்பையில் பால் ஊற்றுவாள்.
பாதி மேசையில் சிந்தும்.
சிரிப்பாள்.
யாரும் அவளை ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் அம்மா விடியற்காலை மூன்று மணிக்குப் போய்
பால் வரிசையில் ஒரு கல்லை வைத்துவிட்டு வருவாள்,
தன் பெயருக்கு.
அந்தச் சிந்திய பாலை
எத்தனை ராத்திரி பார்த்திருப்போம்.

துணி சோப்பில் தலை குளித்துவிட்டுக்
கண்ணாடி முன் கூந்தலை மெல்லச் சுழற்றுவேன்.
சுழலாது. ஈரச் சாக்கு போல் தோளில் விழும்.
மேல்வீட்டு டிரிட்டா இடுப்பு சிறுக்க வேண்டுமென்று
காடி குடித்துக் குடித்து
அணிவகுப்பு மைதானத்தில் மயங்கிச் சரிந்தாள்.
வெயில் என்று எழுதிக்கொண்டார்கள்.
பெட்ரிட் நெற்றியில் முடி வளர்த்தான்.
பள்ளி வாசலில் கத்தரிக்கோலோடு நின்றார்கள்.

புத்தகமில்லை, வாத்தியாரில்லை,
ஆனால் பேசினோம்.
மெத்தென்று, பளிச்சென்று, இன்றே, இப்போதே,
உங்களுக்காக மட்டும்:
இவையெல்லாம் நாக்கில் இருந்தன.
ஆஸ்பத்திரிக்கு என்ன சொல், கடனுக்கு என்ன,
தயவுசெய்து என்பதற்கு என்ன,
கேட்டதில்லை.
அந்தப் பெட்டியில் யாரும் கெஞ்சியதேயில்லை.

தொண்ணூற்றொன்று, ஆகஸ்ட்.
கப்பலின் கயிற்றைப் பிடித்து ஏறியவர்களில்
என் அண்ணனும் இருந்தான்.
நான் கரையில் அவன் செருப்போடு நின்றேன்.

அக்கரைத் துறையில் வெயில்; தண்ணீர் இல்லை.
பிரம்போடு வந்த போலீஸ்காரனிடம்
வாய் திறந்தான் பெட்ரிட்.
வந்தது இதுதான், அட்சரம் பிசகாமல்,
அதே குழைந்த குரலில்:
"விடியலின் குளுமை, இனி உங்கள் சமையலறையிலேயே!"

போலீஸ்காரன் சிரித்துவிட்டான்.
இன்னொருவனைக் கூப்பிட்டு
மறுபடி சொல்லச் சொன்னான்.
சொன்னான்.
மூன்றாவது முறைக்கு ஒரு பாட்டில் வந்து விழுந்தது.

போனில் இதை அவன் முதலில் சொன்னபோது
இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.
அப்புறம் அவன் சொல்லவேயில்லை.
நானும் கேட்கவில்லை.

போன வருஷம் பாரிக்குப் போயிருந்தேன்.
அவன் மகள் ஜியாடாவுக்குப் பதினான்கு.
காலையில் போனிலிருந்து கண்ணெடுக்காமல்
பால் ஊற்றினாள்.
மேசை நனைந்தது.
குரல் உயர்த்தியறியாத பெட்ரிட் கத்தினான்,
எங்கள் அல்பேனிய மொழியில்,
அம்மா அந்தக் கல்லுக்காகச் சண்டையிட்டபோது
தெருவில் கத்திய அதே வார்த்தை.

அவளுக்குப் புரியவில்லை.
நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

அவன் மேசையையே பார்த்தபடி நின்றான்,
படம் துலங்கக் காத்திருக்கிறவன் போல.
நான் போய்த் துணி எடுத்து வந்தேன்.